தேயிலைப் பெட்டியில் நீ விட்டுப்போன ஈக்கள்

ராசுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுது என்று தொடங்குவதுதான் முறை என்று உன் அப்பா எனக்கு எழுத்துப் பழக்கியபோது சொல்லியிருக்கிறார். முறையைச் செய்துவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன். உன் கடுதாசி வந்து பல நாளாகிறது. பதில் இல்லையே, அம்மாவுக்குக் கோபமோ என்று நீ மலாய் நாட்டில் தவித்துக்கொண்டிருப்பாய். கோபம்தான், ஏன் மறைக்க வேண்டும்? ரெண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போன பிள்ளை, இங்கே மலாயிலேயே ஒரு பெண் பார்த்திருக்கிறார்கள், நீ சரியென்றால் வருகிற தையில் தாலி கட்டுகிறேன், இனி அங்கே வந்து குடியிருக்க முடியாது, நீயும் இங்கே வந்துவிடு அம்மா என்று எழுதினால் எனக்குச் சர்க்கரைப் பொங்கலாகவா இருக்கும்? படித்து முடித்து, கடுதாசியை மடித்து அரிசிப் பானைக்கு மேலே வைத்துவிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்கு ஆயா வேலைக்குப் போய்விட்டேன். அங்கே கொழுந்தெடுக்கப் போன தாய்மார் விட்டுப்போன குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதுகொண்டிருந்தன. நல்லதாய்ப் போயிற்று, என் அழுகையும் அதில் கலந்து யாருக்கும் தெரியாமல் போனது.

நீ கேட்டது இரண்டு. கல்யாணத்துக்குச் சம்மதமா என்பது ஒன்று, நான் அங்கே வருவேனா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் இந்தக் கடுதாசியிலேயே இருக்கிறது. ஆனால் எடுத்ததும் சொல்ல எனக்கு வராது. நீ விட்டுப்போன தேனீப்பெட்டியின் கதையைச் சொல்லித்தான் அந்தப் பதிலுக்கு வர முடியும். பொறுமையாகப் படி. உன் தோட்டத்துச் சின்னத்துரை வேலைக்குக் கூப்பிட்டால் அவரையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்.

நீ போன நாளிலிருந்து தொடங்குகிறேன். விடியும் முன்பே நமுனுகுல மலையிலிருந்து நடந்து இறங்கி, தெமோதரை ஸ்டேசனில் உன் டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். அதுவரைக்கும் ரயிலை நான் தூரத்துப் புகையாகத்தான் பார்த்திருந்தேன். பதுளைப் பக்கமிருந்து அது வருகிற சத்தம் கேட்டது, பிறகு நம் காலுக்குக் கீழேயே தடதடவென்று ஓடியது. ஸ்டேசனுக்கு அடியில் ஒரு குகை இருக்கிறது, ரயில் அதற்குள் புகுந்து மலையைச் சுற்றிக்கொண்டு மேலே வரும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ரயில் நம்மை விட்டுவிட்டுக் கீழே போய்விட்டது என்றே நினைத்தேன். ராசு, அப்போது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, உன்னைப் பெற்றபோதுகூட அவ்வளவு வந்ததில்லை. "போயிருச்சே கண்ணு, வா, வீட்டுக்குப் போவோம்" என்று உன் பெட்டியின் பிடியில் கை வைத்தேன். நீ சிரித்தாய். "அது சுத்திக்கிட்டு வரும்மா" என்றாய். சொன்னபடியே வந்தது. உன்னை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது.

வண்டி நகரும்போது நீ ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தியது என்ன? உடம்பைப் பார்த்துக்கொள் என்றா கத்தினாய்? "ஈயைப் பாத்துக்கம்மா!" என்றுதானே கத்தினாய். நீ தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரத்தில் தொங்கிய தேனீக் கூட்டத்தைப் பிடித்து, ஸ்டோரில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிக்குள் போட்டு, லயத்து வரிசையில் நம் காம்பராவின் பின்சுவரில் கட்டி வைத்தபோது கண்ணிமையில் கொட்டு வாங்கி ஒரு வாரம் ஒற்றைக் கண்ணோடு, காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போனாய். அப்படிப்பட்ட சொத்து அது. நான் திரும்பி வந்ததும் அந்தப் பெட்டியின் முன்னால்தான் போய் உட்கார்ந்தேன். நீ பேசுகிற மாதிரி அது ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்தால் எனக்கு அந்த இடம்தான். இந்த ஈ இங்கே இருக்கும்வரை நீ திரும்பி வருவாய் என்று மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அதனால் பெட்டிக்கு ராஜ உபசாரம் நடந்தது. செவ்வாயும் வெள்ளியும் விளக்கேற்றிச் சாமிப் படத்துக்குச் சாம்பிராணி காட்டுவேன் இல்லையா, அதே தூபக்காலைக் கொண்டுபோய் உன் பெட்டிக்கும் காட்டினேன். கொஞ்சமாக இல்லை. கண் திருஷ்டி கழியட்டும், என் பிள்ளை அங்கே நல்லாயிருக்கட்டும் என்று வாசலிலேயே வைத்து ஊதி ஊதிக் காட்டுவேன். உள்ளே ஓவென்று இரைச்சல் எழும்பும். சாமி வந்துவிட்டது என்று கும்பிட்டுக்கொள்வேன். வரவர பெட்டி லேசாகிக்கொண்டே போனது. ஈக்கள் வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒரு வெள்ளிக்கிழமை பாதிக் கூட்டம் பெட்டிக்கு மேலே சுழன்று சுழன்று, பிறகு எப்படியோ மனம் மாறி உள்ளே போனது. உன் கடுதாசியும் அந்த மாதம் வரவில்லை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு பிள்ளைக் காம்பராவில் குழந்தைக்குப் பால் ஊட்டுகிற சங்கைக் கைதவறி உடைத்தேன்.

பசறையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாதான் வழி சொன்னார். "பதுளையில ஈ வளக்கப் பழக்குறாங்களாம் ஆயம்மா. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான், கொஞ்ச மாசத்துக்கு. நானும் போகத்தான் இருக்கேன், நீங்களும் வாங்களேன்" என்றார். லயத்தில் இந்தச் செய்தி பரவியது, அவ்வளவுதான். பக்கத்துக் காம்பராப் பாப்பாத்தியை உனக்குத் தெரியுமே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். "ஏக்கா, தலை நரைச்ச பெறகு பள்ளிக்கூடமா? சிலேட்டு வாங்கியாச்சா?" என்றாள். பெரிய கங்காணி, "மாடு மேய்க்கப் போவாங்க, ஆடு மேய்க்கப் போவாங்க, நீ ஈ மேய்க்கப் போறியாமே" என்றார். "ஆமாங்க, ஆளை மேய்க்கிறதை விட அது லேசுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரட்டுக்களத்தில் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டார்.

பசறை வழியாக நானாவின் வண்டியிலேயே பதுளைக்குப் போயிருக்கலாம். நான் வேண்டுமென்றே தெமோதரைக்கு இறங்கி ரயிலில் போனேன். நீ நின்ற இடத்தில் நின்றேன். ரயில் மலையைச் சுற்றிப் போய், அந்த ஸ்டேசனுக்கு அடியில் இருக்கும் குகைக்குள் என்னையும் கொண்டுபோனது. இருட்டில் உட்கார்ந்துகொண்டு, அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டபோது ரயில் இங்கேதானே இருந்தது என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் எனக்கு இருட்டுக்குப் பயம் என்று எண்ணிக் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை.

வகுப்பு என்றால் பெஞ்சும் பலகையும் இல்லை. அரசாங்கக் கச்சேரி ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு பழத்தோட்டத்தில், மரங்களுக்கு அடியில் வரிசையாகப் பெட்டிகள். படிக்க வந்தவர்களில் பள்ளிக்கூட வாத்திமார், சிங்கள கிராமத்து ஆட்கள், பங்களாத் தோட்டக்காரர், நம் நானா எல்லாரும் உண்டு. சேலை கட்டியது நான் ஒருத்திதான். சொல்லிக்கொடுக்க வந்தவர் யாழ்ப்பாணத்துப் பையன், உன் வயதுதான் இருக்கும். முதல் நாள் பெட்டியைத் திறந்து அடை கட்டிய ஒரு மரச்சட்டத்தை என் கையில் கொடுத்தார். இரண்டு பக்கமும் ஈ மொய்த்துக்கொண்டு நடக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை எட்டப் பிடித்தேன். "பயப்பிடாதேங்கோ அம்மா. மெல்ல, மெல்ல. உங்கட மூச்சும் அதில படக்கூடாது. வாசலுக்கு முன்னால நிக்காதேங்கோ, பக்கத்தால வாங்கோ" என்றார். அவர் அம்மா என்று சொன்ன மாத்திரத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சட்டத்தைப் பிடித்திருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. ஈ கொட்டிவிட்டது போல என்று நினைத்துச் சுண்ணாம்பு தேடி நானா ஓடினார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்குப் புகை காட்டுவதைப் பற்றிச் சொன்னார். கொஞ்சம் புகை காட்டினால் ஏன் ஈ சாந்தமாகிறது என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "சாமி புகைங்க, அதுக்குப் புடிக்குங்க" என்று சொல்லி, செவ்வாய் வெள்ளி நான் செய்கிற உபசாரத்தையும் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயோ அம்மா! புகை பட்டால் வீடு நெருப்புப் பிடிச்சிட்டுது எண்டு அதுகள் நினைக்கும். வயிறு முட்டத் தேனைக் குடிச்சுப்போட்டு ஓட ஆயத்தமாகும். நீங்கள் கிழமைக்கு ரெண்டு தரம் அதுகளின்ர வீட்டுக்கு நெருப்பு வைச்சிருக்கிறியள்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பி வருகிற வழியில்தான் சிரிப்பு நின்றது. நீ போகாமல் இருக்க வேண்டும் என்று நான் செய்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டக்டரையா வேலை காலியாகும் இரு இரு என்றேன், மாமன் மகள் இருக்கிறாள் என்றேன், அப்பாவைப் புதைத்த மண்ணை விட்டுவிட்டா போகிறாய் என்று தினமும் ஒரு பாட்டம் அழுதேன். அத்தனையும் உனக்குப் புகைதானே? சாப்பிடும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு அவசரமாகச் சாப்பிட்டு எழுந்து போவாய்.

சாம்பிராணியை நிறுத்தினேன். சாமிக்கு மட்டும் காட்டினேன். தேயிலைப் பெட்டிக்குள் வளர்ந்த தேனடைகளை அறுத்து, வாழைநாரால் சட்டத்தில் கட்டி, புதுச் சட்டப் பெட்டிக்குள் இறக்கினேன். நானே செய்தேன் ராசு. பாப்பாத்தி தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எட்டி நின்று முருகா முருகா என்று கத்தியதுதான் அவள் செய்த உதவி. பெட்டியின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் வைத்தேன், எறும்பு ஏறவில்லை. அடைமழை மாதத்தில் சீனிப் பாகு காய்ச்சி வைத்தேன். சவுக்குப் பூத்ததும் பெட்டி கனத்தது. முதல் தேனை எடுத்தபோது எல்லாவற்றையும் வழித்துவிடாதே, அதற்கென்று பாதியை விடு என்று வாத்தியார் சொன்னதைக் கேட்டேன். நீயும் இதைக் கேட்டுக்கொள். அந்தப் பெண் வீட்டுக்கு வந்த பிறகு அவள் தாய்வீட்டு ஞாபகத்தை முழுக்க வழித்தெடுத்துவிடப் பார்க்காதே. அவளுக்கென்று கொஞ்சம் உள்ளே இருக்கட்டும். அவள் முகம் சரியில்லாத நாளில் நேருக்கு நேராய்ப் போய் நிற்காதே, பக்கத்தில் போ. காற்றடிக்கிற நாளில் பெட்டியைத் திறக்காதே என்றும் வாத்தியார் சொன்னார். எங்கே எப்போது காற்றடிக்கும் என்பது உனக்குப் போகப் போகத் தெரியும். உன் அப்பாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை, சரியாக மழை ஒழுகுகிற நாளாகப் பார்த்துத்தான் குழம்பில் உப்பில்லை என்பார்.

வகுப்பு முடிகிற சமயத்தில் ஒரு தடுப்புத் தகரம் காட்டினார். பெட்டி வாசலில் வைப்பது. மற்ற ஈ நுழைந்து போய்வரும், தாய் ஈ மட்டும் உடம்பு பெரிதானதால் வெளியே போக முடியாது. எல்லாரும் அதை ராணி ராணி என்கிறார்கள். அது யாரை ஆள்கிறது? முட்டையிட்டுக்கொண்டே கிடக்கிற அதைத் தாய் என்றுதான் நான் சொல்வேன். "இதைப் போட்டா கூட்டம் எப்பவுமே ஓடாதுங்களா?" என்று கேட்டேன். "ஓடாது. ஆனா கனநாள் போட்டு வைக்கக்கூடாது அம்மா" என்றார். முதல் வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. வாங்கி வந்து அன்றைக்கே போட்டுவிட்டேன். போட்டவள் எடுக்கவே இல்லை.

உன் கடுதாசி வந்த கிழமைதான் அது நடந்தது. நல்ல வெயில். பெட்டியிலிருந்து ஈக்கள் தண்ணீர் மாதிரி வெளியே கொட்டின. லயத்து வாசல் முழுக்க இருட்டு. கூட்டம் சவுக்கு மரத்துக்கு ஏறி, கிளையில் சற்று நேரம் கொத்தாய் நின்று, பிறகு ஒவ்வொன்றாய்த் திரும்பி பெட்டிக்கே வந்துவிட்டது. தாய் வரவில்லை அல்லவா, தாயில்லாமல் அவை போகாது. நான் கைதட்டினேன். பார்த்தாயா பாப்பாத்தி, தாயைப் பிடித்து வைத்தால் பிள்ளைகள் எங்கே போகும் என்றேன். உனக்கும் பதிலை அப்போதே முடிவு செய்துவிட்டேன். சம்மதம் இல்லை என்று எழுதினால் நீ கட்ட மாட்டாய், எனக்குத் தெரியும். என் வார்த்தையைத் தாண்டுகிற பிள்ளையாக இருந்தால் சம்மதம் கேட்டு எழுதியிருக்கவே மாட்டாய். ஒரு வரி போதும், வந்துவிடுவாய். தாளையும் எடுத்து வைத்தேன்.

மறுநாள் ஞாயிறு, கடைசி வகுப்பு. நடந்ததை வாத்தியாரிடம் வெற்றிக் கதையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அடைக்கு அடியில நீளமா, கச்சான் கடலைக் கோது மாதிரி அறை ஏதும் தொங்குதோ பாத்தியளோ?" என்று கேட்டார். தொங்கியது, பார்த்திருந்தேன். "அதுக்குள்ள புதுத் தாய் வளருது அம்மா. வீடு நிறைஞ்சு போச்சு. இப்ப பழைய தாய் பாதிப் பேரோட வெளிக்கிட வேணும். தேன், அடை எல்லாத்தையும் பிள்ளைக்கு விட்டுட்டு அதுதான் போகும். நீங்கள் வாசலை அடைச்சு வைச்சால் ரெண்டு மூண்டு தரம் போய்ப் பாத்துட்டுத் திரும்பி வருங்கள். பிறகு அதுகளே பழைய தாயைக் கொன்றுபோடும்." எனக்கு விளங்கவில்லை. "ஏன் தம்பி, புதுசுதானே வெளிய போகும்? பிள்ளைதானே வீட்டை விட்டுப் போகும்?" என்றேன். "இல்லை அம்மா. மனுசரில பிள்ளையள் போகும். இதுகளில தாய்தான் போகும்" என்றார்.

அன்றைக்கு ரயில் குகைக்குள் வந்ததும் மேலேறி ஸ்டேசனில் நின்றதும் எனக்குத் தெரியாது. காம்பராவுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் அந்தத் தகரத்தைப் பிடுங்கி எடுத்தேன். மறுநாளும் வெயில் அடித்தது. கூட்டம் கிளம்பியது. கடைசியில் அந்தத் தாயை வாசலில் கண்டேன். நீளமாய், சிறகு கொஞ்சம் கிழிந்து, கிழடாகத்தான் இருந்தது. வாசல் பலகையில் ஒரு நிமிஷம் தயங்கி நின்றது. எத்தனை காலமாக வெயிலையே பார்த்திருக்காது, பாவம். பிறகு பறந்தது. சவுக்குக் கிளையில் கூட்டம் அதைச் சுற்றிக் கொத்தாய் அடைந்தது. பாப்பாத்தியின் கொழுந்துக் கூடையை வாங்கி அடியில் பிடித்து, கிளையை ஒரே உலுக்கு. கொத்து அப்படியே கூடைக்குள் விழுந்தது. வாத்தியார் சொன்னபடி அதை வேறு பெட்டிக்கு மாற்றி, லயத்தின் மறுகோடியில் வைத்தேன். ஒரு கொட்டுக்கூட வாங்கவில்லை, உன்னைவிடக் கெட்டிக்காரி.

பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தேன் ராசு. புது இடத்தில் வெள்ளை வெளேரென்று அடை கட்டியிருக்கிறது. தாய் அதில் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறாள். கிழவியால் ஒன்றும் முடியாது என்று யார் சொன்னது?

கட்டிக்கொள்ளடா என் கண்ணே. மனதார, முழுச் சம்மதம். சம்மதம் இல்லை என்று எழுத எடுத்து வைத்த தாளில்தான் இதை எழுதுகிறேன். மாமன் மகளுக்கு லுணுகலைப் பக்கம் மாப்பிள்ளை வந்துவிட்டது, அந்தக் கவலையும் உனக்கு வேண்டாம். தாலிக்கொடிக்கு என் கழுத்திலிருந்து கழற்றி வைத்த தங்கக் குண்டுமணிகளை உருக்கச் சொல்லி ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் சொல், உன் மாமியார் வாயாடி, ஆனால் இப்போது எதையும் கொஞ்சம் மெல்லத் தொடப் பழகியிருக்கிறாள் என்று.

பாப்பாத்தி இரண்டு பெட்டிகளையும் பார்த்துக்கொள்வாள். கம்பளி இல்லாமலே திறக்கப் பழக்கிவிட்டேன், முருகனை மட்டும் இன்னும் விடவில்லை. பிள்ளைக் காம்பராவில் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அப்பாவின் மண்ணில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மலையைப் பார்க்காமல் எனக்கு விடியுமா என்று தெரியவில்லை. காலையில் நமுனுகுலயில் மேகம் இறங்கி லயத்துக் கூரையைத் தொடும்போது நெஞ்சு இப்போதே வலிக்கிறது. ஆனால் உன்னைப் பார்க்காமல் விடிந்த காலைகள் இதைவிட வலித்தன. அதனால் வருகிறேன். கல்யாணத்துக்கு வந்து தலைகாட்டிவிட்டுப் போக இல்லை, உன்னோடு இருக்கவே வருகிறேன். கொழும்புக் கப்பல் வரைக்கும் நானா வீட்டு ஆட்கள் துணை. கப்பல் வரும் நாளை நானா தந்தி அடிப்பார், நீ பினாங்குத் துறைமுகத்துக்கு வந்து நில். அம்மாவை அடையாளம் தெரியாமல் தேடாதே, தேன் போத்தலோடு நிற்கிறவள்தான் நான்.

அடுத்த திங்களன்று தெமோதரை ஸ்டேசனில் நிற்பேன். இந்தத் தடவை காலுக்குக் கீழே ரயில் தடதடவென்று ஓடினால், போய்விட்டது என்று சந்தோஷப்பட மாட்டேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பேன். அது சுற்றிக்கொண்டு வரும்.

உன் அம்மா